பர்ஸுக்குள் வைக்கும் ட்ராக்கர் கார்டு: எது தேவலை, யாருக்கு என்ன நடந்தது?

மாம்பலம்_லோக்கல்

தொலைந்த பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ட்ராக்கர் வட்டமாக இருந்தால் பர்ஸுக்கு ஆகாது என்று தெரிந்துதான் ஏடிஎம் கார்டு வடிவத்தில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். ஐபோனில் தொலைந்ததைத் தேடும் 'ஃபைண்ட் மை' ஆப்போடு சேரும் வகை. கம்பெனி பேர் வேண்டாம்.

மாம்பலம் ஸ்டேஷன் சாயங்காலக் கூட்டம் தெரியுமே. இறங்கி, படியேறி, ரங்கநாதன் தெரு முனைக்கு வந்து டீக்குக் காசு எடுக்கக் கைவிட்டால் பாக்கெட் காலி. ஆப்பைத் திறந்தேன், புள்ளி மாம்பலத்திலேயே இருந்தது. பிளாட்பாரத்தில் விழுந்திருக்கும் என்று திரும்ப ஓடினேன். பாதிப் படியில் மறுபடி பார்த்தால் கோடம்பாக்கம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரே தாவலில் சேத்துப்பட்டு, அப்புறம் எழும்பூர். அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த வண்டியில் போனேன். பிளாட்பாரத்தில் இறங்கி ஒலி பட்டனை அழுத்தினால் போன் திரையில் 'ஒலிக்கிறது' என்று வருகிறது! அப்படியென்றால் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், மேலே ஸ்பீக்கரில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' ஆரம்பித்துவிட்டது. தமிழ் முடிந்து இந்தி, இந்தி முடிந்து இங்கிலீஷ். முடிவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அப்புறம் எத்தனை தடவை அழுத்தியும் சேரவில்லை. ரயில்வே போலீஸ்காரர் ஒருவரும் கூடவே குப்பைத்தொட்டி வரைக்கும் பார்த்தார்.

பணத்தைவிட அந்த 'ஒலிக்கிறது' என்ற வரிதான் இன்னும் உறுத்துகிறது. சத்தம் பலமாக வரும் மெல்லிய கார்டு யாராவது வைத்திருக்கிறீர்களா?

தேனிக்காரன்

உங்களுக்காச்சும் புள்ளி நகந்துச்சு. எனக்கு நகரவே இல்ல.

ஆண்டிபட்டி கணவாய் தாண்டி பைக்ல வரும்போது பர்ஸ் விழுந்துருச்சு. ஆப்ல பாத்தா கடைசியா பெட்ரோல் போட்ட பங்க்கைக் காட்டுது. பங்க்ல போய்த் தேடு தேடுன்னு தேடியாச்சு. பெறகுதான் வெளங்குச்சு, என் போனு அதைக் கடைசியா எங்க பாத்துச்சோ அதைத்தான் காட்டிட்டு இருக்கு. இந்த அட்டைக்குள்ள ஜிபிஎஸ் எல்லாம் கிடையாது. பக்கத்துல போற யாரோ ஒருத்தர் போனு அதோட ப்ளூடூத்தைக் கேட்டு எடத்தைச் சொன்னாத்தான் உண்டு. ஆண்ட்ராய்டுல இன்னொரு கூத்து: செட்டிங்ஸ்ல நாமளா மாத்தாத வரைக்கும் நெரிசலான எடத்துல மட்டும்தான் நம்ம போனு அடுத்தவன் பொருளைக் கண்டுபிடிக்க உதவும். கணவாய்ல ஏது நெரிசல், குரங்குதான் இருக்கு.

மறுநா ஒரு போன். ஆடு மேய்க்கிற அண்ணன் ஒருத்தர். "தம்பி, உன் பர்ஸு கெடச்சிருக்கு. ஆனா உள்ள ஒரு அட்டை கீ கீன்னு கத்துதுப்பா, குண்டு கிண்டா?" நான் பதில் சொல்றதுக்குள்ள, "பயந்து தண்ணி வாளிக்குள்ள போட்டுட்டேன், அதுக்குள்ளயும் கத்துது"ங்கறார். சொந்தக்காரன் போனை விட்டு ரொம்ப நேரம் பிரிஞ்ச பெறகு யாராச்சும் நகத்துனா அதுவாக் கத்தும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க. எவ்வளவு சொல்லியும் அவரு கையை வாளிக்குள்ள விடல. நான்தான் போய் எடுத்தேன்.

அவருக்கு என் நம்பர் எப்படிக் கெடச்சுச்சுன்னா, எங்கம்மா எழுதி உள்ள வச்ச துண்டுச் சீட்டு.

ஓய்வூதியர்

முதலில் பதிவிட்ட தம்பிக்கு: ரயிலில் பின் பாக்கெட்டில் பர்ஸ் வைப்பவருக்கு எந்தக் கருவியும் உதவாது. என் பர்ஸ் ஒருமுறை பீரோவுக்குப் பின்னால் விழுந்தது, கார்டு சத்தம் போட்டது, எடுத்துக்கொண்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் வாங்கப் போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆப்பிளின் வட்ட ட்ராக்கரான ஏர்டேக் 8 மி.மீ. தடிமன், நாணய பேட்டரியை நாமே மாற்றலாம். வங்கி அட்டை 0.76 மி.மீ. 'மெல்லிய' என்று விற்கும் ட்ராக்கர்கள் பெரும்பாலும் இரண்டரை மி.மீ. பக்கம் வரும், அதாவது மூன்று அட்டையை அடுக்கிய கனம். அந்த மெலிவுக்கு விலையாகப் பெரும்பாலான கார்டுகளில் பேட்டரியை உள்ளேயே வைத்து ஒட்டிவிடுகிறார்கள். சிப்போலோவின் கார்டு ஸ்பாட் இரண்டு வருடம், டைல் ஸ்லிம் மூன்று வருடம் என்று அவர்களே சொல்கிறார்கள். அதற்குப் பிறகு முழுக் கார்டையும் மாற்ற வேண்டியதுதான். போன் சார்ஜ் போடும் வயர்லெஸ் பலகையில் வைத்து ஏற்றிக்கொள்ளும் கார்டுகளும் வந்துவிட்டன. நோமட் அப்படி ஒன்று போட்டிருக்கிறது, 1.7 மி.மீ.தான்; ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை ஞாபகமாக ஏற்ற வேண்டும்.

அம்புக்குறி காட்டி 'இன்னும் மூன்று மீட்டர், வலப்பக்கம்' என்று சொல்வது அல்ட்ரா வைட்பேண்ட் சிப். ஏர்டேக்கில் உண்டு, இந்த மெல்லிய கார்டுகளில் சாதாரணமாக இருக்காது. ஆகவே எழும்பூரில் அந்தத் தம்பிக்குக் காதைத் தவிர வேறு துணை இல்லை. அலுமினிய பர்ஸ் வைத்திருந்தால் கார்டை வெளிப்பக்கம் வையுங்கள், உலோகம் சிக்னலை மறைக்கும். இன்னொன்று, போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டும் ஆப்பிள் வாலட்டை ட்ராக்கர் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அது போனை விட்டுப் பிரிந்த இடத்தைத்தான் காட்டும், பிறகு எங்கே போனது என்று காட்டாது.

பர்ஸ் போய்விட்டால் முதலில் வங்கிக்கு அடித்து அட்டைகளை முடக்குங்கள், புள்ளியைத் துரத்துவது அப்புறம். உரிமம், பான் போனால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் 'தொலைந்த ஆவண அறிக்கை' நாமே எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாம். லைசென்ஸை டிஜிலாக்கரில் ஏற்றி வைத்துக்கொண்டால் போக்குவரத்துக் காவலரிடம் அதையே காட்டலாம். ஆதார் அட்டையின் அசலைப் பர்ஸில் வைத்துத் திரியாதீர்கள். பழைய பெட்ரோல் ரசீதுகளைத் தூக்கிப் போடுங்கள்.

மாம்பலம்_லோக்கல்

ஐயா, முன் பாக்கெட் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பின் பாக்கெட் என்று எங்கே எழுதினேன்?

வானதி

மாமனாருக்கு டீக்கடை, கோயில், ரேஷன் கடை என்று பர்ஸை வைத்துவிட்டு வருவதே வழக்கம். என்னுடையது ஐபோன். ஒரு கார்டை வாங்கி அவர் பர்ஸில் போன் நம்பர் டைரிக்குப் பின்னால் செருகிவிட்டேன். கணவருக்குத் தெரியும். மாமாவிடம் சொல்லவில்லை, சொன்னால் எடுத்துப் போட்டுவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் குடும்பம் எல்லாம் வந்திருந்தது. சாம்பார் முடிந்து ரசத்துக்குப் போகும் நேரம். மாமா போன் சத்தம் போட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார், தெரியாத ட்ராக்கர் ஒன்று உங்களோடு பயணிக்கிறது என்று. அவர் போன் ஆண்ட்ராய்டு. கீழே ஒரு வரைபடம், அவர் காலையிலிருந்து போன இடமெல்லாம் சிவப்புக் கோடு. இடது கையால் பர்ஸை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுல எதைம்மா தேடறே?" என்று கேட்டார். என்னைத்தான் பார்த்துக் கேட்டார், மகனைப் பார்க்கவில்லை.

ரசம் யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பர்ஸில் கார்டு இல்லை. பர்ஸ் வாரத்துக்கொரு முறை டீக்கடையிலிருந்து திரும்பி வருகிறது.

குமரன்_கோவை

@வானதி, பெரியவர் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஒரு மனுஷன் எங்கெங்க போறாருன்னு அவருக்கே தெரியாம மேப்ல பாக்கறதுக்கு அக்கறைன்னு பேரு வெச்சா ஆச்சுங்களா? அந்த எச்சரிக்கை வர்றதே அதுக்குத்தான். 2023ல இருந்து ஆண்ட்ராய்டுக்காரங்களுக்கு ஏர்டேக்கைத் தானாவே காட்டிக்குடுக்குது, 2024ல ஆப்பிளும் கூகுளும் சேந்து ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஆக்கிட்டாங்க. அவரு போன்லயே அவரு கணக்குல போட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சுதுங்க.

வானதி

@குமரன்_கோவை, அவர் கணக்கில் போடலாம் என்பது சரி. நான் வாங்கியது ஆப்பிள் பக்கம் மட்டும் சேர்வது. ஐபோன் வைத்திருக்கும் ஐந்து பேரோடு பகிரலாம், ஆண்ட்ராய்டோடு பகிர வழியில்லை. மற்றபடி, தொலைந்த பர்ஸைத் தேடித் தெருத் தெருவாகப் போவது யார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே.

ஸ்காபரோ_அக்கா

சத்தம் பற்றிக் கேட்ட தம்பிக்காக எழுதுறன்.

இவர் தன்ர பழைய விண்டர் ஜக்கெற்றை, வேண்டாத உடுப்பைத் தானமாப் போடுற இரும்புப் பெட்டிக்குள்ள போட்டிட்டு வந்திட்டார். பேர்ஸ் ஜக்கெற்றின்ர உள்பொக்கெற்றில. அதுக்குள்ள ட்ராக்கர் கார்ட் கிடந்தது, கூகுள் பக்கம் வேலை செய்யிறது. மற்ற ஆக்களின்ர போனுகளால தொலைஞ்சதைத் தேடுற இந்த வலையை கூகுள் 2024 ஏப்ரலில முதல் திறந்ததே அமெரிக்காவிலயும் இங்க கனடாவிலயும்தான், அதால நாங்கள் ஆசையா வாங்கினது. மேப் பாத்தா பெட்டி நிக்கிற பார்க்கிங்கைக் காட்டேல்ல, ரோட்டுக்கு அங்கால இருக்கிற பிளாசாவைக் காட்டுது.

நான்தான் சொன்னன் பெட்டியடிக்குப் போய்ப் பாப்பம் எண்டு. போனால் போன் சேருதில்லை. உடுப்புப் போடுற அந்தக் கதவை இழுத்துத் திறந்தா சேருது, கையை விட்டா அறுந்துபோகுது. இரும்பெல்லோ. ஸ்நோ கொட்டுது, நான் கதவை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு தலையை உள்ளுக்கு விட்டபடி நிக்கிறன், இவர் பட்டனை அமத்துறார். சரியா ஆழத்தில, உடுப்புக் குவியலுக்குள்ள இருந்து மெல்லிசா ஒரு சத்தம். அந்த நேரம் பாத்து ஒரு வெள்ளைக்காரக் கிழவி பையோட வந்து, "பசிக்குதா மகள், உடுப்பு வேணுமா?" எண்டு கேட்டா. என்னத்தைச் சொல்லுறது!

பெட்டியில இருந்த நம்பருக்கு அடிச்சு, அடுத்த நாள் அவையள் வந்து திறந்து தந்தவை. கார்டின்ர சத்தம் வீட்டுக்குள்ள தேடக் காணும். ஸ்டேஷனுக்குக் காணாது. மெல்லிய தகட்டுக்குள்ள ஸ்பீக்கருக்கு எங்க இடம்?

சிராங்கூன்_சிவா

இங்கே சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டில் பர்ஸை விட்டுவிட்டு வந்தேன். ஆப்பைத் திறந்தால் 'கடைசியாகப் பார்த்தது' என்று தீபாவளிக்கு முந்தைய தேதி. கார்டு எப்போதோ செத்துப்போய் பர்ஸுக்குள் சும்மா கிடந்திருக்கிறது. பர்ஸ் சாப்பாட்டுக் கடை அக்காவிடம் பத்திரமாக இருந்தது. ஓய்வூதியர் சொன்ன ஒட்டின பேட்டரி இதுதான். வாங்கிய அன்றே தேதியை மார்க்கர் பேனாவால் கார்டின் மேல் எழுதி வைப்பது நல்லது.

ஓய்வூதியர்

பின் பாக்கெட்டோ முன் பாக்கெட்டோ, ரயிலில் பர்ஸைக் கைப்பைக்குள் வைப்பதே உசிதம். சிராங்கூன் தம்பி சொன்னது சரி. ஆப்பில் பேட்டரி எச்சரிக்கை வந்தாலும் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாது.

புதுசு_ஆனந்த்

எல்லாம் படித்தேன். என்னிடம் ஆண்ட்ராய்டு, மனைவியிடம் ஐபோன். ஒரே கார்டு இரண்டிலும் வேலை செய்யுமா?

குமரன்_கோவை

ஒரே நேரத்துல ஆகாதுங்க. ரெண்டுக்கும் ஒத்துவர்ற மாடல் இருக்கு, ஆனா எந்தப் பக்கம் சேக்கறீங்களோ அந்தப் பக்கம் மட்டும்தான் பேசும். மாத்தணும்னா ரீசெட் பண்ணி மறுபடி சேக்கணும். பர்ஸ் யாரோடதோ அவங்க போனுக்கு வாங்குங்க.

தேனிக்காரன்

ரெண்டு போனுக்கும் ஒத்துவர்றது துண்டுச் சீட்டு. அஞ்சு பைசா செலவில்ல.

மாம்பலம்_லோக்கல்

சீட்டு என் பர்ஸிலும் இருந்தது தேனி நண்பரே. எடுத்தவர் கூப்பிடவில்லை.

தேனிக்காரன்

அது ஆளைப் பொறுத்தது. எழும்பூர்ல ஆடு மேய்க்க மாட்டாங்களே.