மூளையைச் சுற்றிய இரத்தக்கசிவைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை போதுமா?

கேள்வி

என் சித்தப்பாவுக்குத் திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட கடுமையான தலைவலி வந்தது. சி.டி. ஸ்கேனில் எதுவும் தென்படவில்லை. ஆனாலும் முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்த பிறகுதான், மூளையுறைகளுக்கிடையே கசிவு இல்லை என்று மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். மாரடைப்பைக் கண்டறிய ட்ரோபோனின் என்னும் புரதத்தை இரத்தத்தில் அளப்பதைப் போல, இதற்கும் கையில் எடுக்கும் இரத்தத்தையே நம்ப முடியாதா?

மறுமொழி 1

தலையில் அடிபட்டவர்களுக்கு ஓரளவு முடிகிறது. ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.-எல்1 என்னும் இரண்டு புரதங்களை அளக்கும் பரிசோதனைக்கு 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது. லேசான தலைக்காயம் அடைந்த பெரியவர்களுக்கு, அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் இவ்விரண்டும் குறைவாக இருந்தால், ஸ்கேனில் தெரியக்கூடிய காயம் பெரும்பாலும் இருக்காது என்று கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருளல்ல. ஸ்கேன் தேவை என்பதே பொருள்.

உங்கள் சித்தப்பாவுக்கு ஐயுற்றது வேறு வகை. ட்ரோபோனின் பாதிக்கப்பட்ட இதயத் தசையிலிருந்தே வெளிவருகிறது; அதைப் போலவே இந்தப் புரதங்களும் மூளையின் உயிரணுக்கள் சிதையும்போதுதான் இரத்தத்தில் கூடுகின்றன. இரத்தக்குழாயின் வீக்கம் வெடித்துச் சிறிதளவு கசியும்போது, இரத்தம் மூளைக்கு வெளியேதான் பரவுகிறது. மூளைத்திசு அப்போதைக்குச் சேதமடையாமலே இருக்கலாம். ஸ்கேனில் தப்பக்கூடியவையும் இத்தகைய சிறு கசிவுகளே என்பதால், துணை மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் இந்தப் பரிசோதனை வலுவிழக்கிறது.

மறுமொழி 2

ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், லேசான தலைக்காயத்தில் ஸ்கேனைத் தவிர்க்க எஸ்100பி என்னும் புரதத்தைப் பயன்படுத்துகிறது, லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராம் என்பது அதன் எல்லை. ஆனால் இப்புரதம் கொழுப்புத் திசுவிலும் தோலின் நிறமி உயிரணுக்களிலும் உண்டு. எனவே தலையில் அடியே படாமல் எலும்பு முறிந்து வருபவருக்கும் அளவு கூடியிருக்கக்கூடும்.

மறுமொழி 3

தலைவலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்றுதான் நோயாளியின் உறவினர்களிடம் நான் எப்போதும் வற்புறுத்துவேன். முதல் 6 மணி நேரத்துக்குள் நவீனக் கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்த ஸ்கேனில் இந்தக் கசிவு தப்புவது மிக அரிது. நேரம் செல்லச் செல்ல, தண்டுவட நீரில் இரத்தம் கரைந்து கலந்துவிடுவதால் அந்த உறுதி குறைகிறது. அதன் பிறகு தண்டுவட நீரே துணை. சிவப்பணுக்கள் சிதைந்து பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உருவாக நேரமாகும் என்பதால்தான், வலி தொடங்கி ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து அந்த நீரை எடுக்கிறார்கள். ஊசி குத்தியதால் கலந்த புதிய இரத்தத்தில் அந்த மஞ்சள் நிறமி இராது. முன்பே கசிந்திருந்தால் இருக்கும். வெடித்த குழாய் மீண்டும் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிகுதி. ஆகவே இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.