ஷைலஜா டீச்சரை 2021-ல் மந்திரிசபையில் சேர்க்காதது சரியா?

பாலக்காட்டுக்காற்று:
மட்டன்னூர்ல டீச்சர் ஜெயிச்சது 60,963 ஓட்டு வித்தியாசத்துல. கேரள சட்டமன்றத் தேர்தல்ல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு லீடுல ஜெயிச்சதில்ல. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள மந்திரிகள் பட்டியல் வருது, அதுவரைக்கும் சுகாதார மந்திரியா இருந்த கே.கே.ஷைலஜா பேரு இல்ல. நிபா, கொரோனான்னு ரெண்டையும் தோள்ல தூக்கினவங்களுக்குக் கட்சிக் கொறடா பதவி! என்ன நியாயம்?

மஞ்சப்பை:
சிபிஎம் பட்டியல்ல முந்தின மந்திரிசபையில இருந்த யாருமே இல்லையே. தாமஸ் ஐசக், ஜி.சுதாகரனுக்கெல்லாம் தேர்தல்ல நிக்கவே சீட்டு கிடைக்கல. சிபிஎம் ஒரு முடிவெடுத்தா எல்லாருக்கும் ஒண்ணுதான். முதல்வரா இருந்த பினராயி மட்டும் விதிவிலக்கு.

பாலக்காட்டுக்காற்று:
அந்த "மட்டும்"லதான் சிக்கலே இருக்கு. 1987-ல கேரளத்தை கௌரி ஆளுவாங்கன்னு தெருத்தெருவா கோஷம் போட்டு ஓட்டு வாங்கினாங்க. முதல்வர் நாற்காலியில உக்காந்தது ஈ.கே.நாயனார். அந்த கே.ஆர்.கௌரியம்மா 2021 மே 11-ல காலமானாங்க. ஒரு வாரம்தான், ஷைலஜா இல்லாத பட்டியல் வந்துடுச்சு.

மஞ்சப்பை:
கௌரியம்மா 1957-லயே வருவாய்த் துறை மந்திரி, நிலச் சீர்திருத்தத்தைக் கையில எடுத்தவங்க. அவங்களோட இவங்களை வைக்கிறது கொஞ்சம் ஓவர். 2016-க்கு முன்னாடி கண்ணூரைத் தாண்டி இவங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? சுகாதாரத் துறையைக் கொடுத்ததே கட்சிதானே?

கணக்குவாத்தி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நானும் வாத்தியார், அரசு உதவி பெறும் பள்ளி. ஷைலஜா சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில அறிவியல் எடுத்தவங்க. கூத்துப்பறம்புல எம்.எல்.ஏ ஆனது 1996. தலைமை ஆசிரியரா இருந்து விருப்ப ஓய்வு வாங்கினது 2004. நடுவுல எட்டு வருஷம்! கேரளாவுல எய்டட் பள்ளி வாத்தியார் வேலையை விடாமலே தேர்தல்ல நிக்கலாம்னு சட்டத்துல இடம் இருந்தது. அது செல்லாதுன்னு அந்த ஊர் உயர் நீதிமன்றம் சொன்னது 2021-லதான். அங்க அரசியல்ல இத்தனை "டீச்சர்", "மாஷ்" (ஆண் வாத்தியார்) எப்படி வந்தாங்கன்னு இப்பப் புரியுதா? தோத்தாலும் மறுநாள் வகுப்புக்குப் போயிடலாம்.

பாலக்காட்டுக்காற்று:
அதனாலதான் கொரோனா நேரத்து சாயங்காலப் பேட்டியில பாடம் நடத்துற மாதிரியே பேசினாங்க, வாத்தியாரே. எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் தனிமையில, நாளைக்கு என்ன. வூஹான்லருந்து வந்த திருச்சூர் மாணவிக்குத்தான் 2020 ஜனவரி 30-ல இந்தியாவோட முதல் தொற்று உறுதியாச்சு. அதுக்கு முன்னாடியே அங்க கட்டுப்பாட்டு அறை திறந்தாச்சு. 2018 நிபாவுல 17 உயிர் போனப்போ படிச்ச பாடம் அது.

மஞ்சப்பை:
பாடம் சரி, கணக்குப் புத்தகம்? கொரோனா நேரத்துல 550 ரூபாய்க்கு ஆர்டர் போட்ட பிபிஇ கிட்டை, ரெண்டு நாள் கழிச்சு வேற கம்பெனிகிட்ட 1,550-க்கு வாங்கினாங்க. இதுல 10.23 கோடி கூடுதல் செலவுன்னு அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கை 2025 ஜனவரியில சட்டமன்றத்துக்கே வந்துச்சு. கிட்டு தட்டுப்பாடு, உயிரைக் காப்பாத்துறதுதான் முக்கியம்னு டீச்சர் தரப்பு சொல்லுது. ஆனா பொறுப்பு யாரோடது?

வடகரைமருமகள்:
நான் கோயமுத்தூர்க்காரி, வாக்கப்பட்டது வடகரை. ஒண்ணு சொல்றேன். நிபா பரவின பேராம்பிரா இருக்கிறது எங்க லோக்சபா தொகுதிக்குள்ள. நோயாளியைப் பாத்துக்கிட்டு உயிரை விட்ட நர்ஸ் லினி வேலை பார்த்த தாலுகா ஆஸ்பத்திரியும் அங்கதான். 2024-ல அந்த ஊர்லயே டீச்சர் ஓட்டுக் கேட்டாங்க. காங்கிரஸ் ஷாஃபி பறம்பிலிடம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்துக்கு மேல வித்தியாசத்துல தோத்தாங்க. எங்க மாமியார் டீச்சர்னா உருகுவாங்க. ஓட்டு மட்டும் கைக்கு. "டெல்லிக்கு எதுக்கு அவங்க? திருவனந்தபுரத்துல வேணும்னப்போ உள்ள விடலையே"ன்னாங்க.

மஞ்சப்பை:
அக்கா, உங்க மாமியார் சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தேர்தல்ல கேரளாவோட 20 தொகுதியில இடதுசாரிக்குக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணு, ஆலத்தூர். அலை அடிக்கும்போது டீச்சர் என்ன, யாரா இருந்தாலும் அடிச்சுக்கிட்டுத்தான் போகும்.

பாலக்காட்டுக்காற்று:
2022-ல மகசேசே விருது வந்தப்போ டீச்சரை வேண்டாம்னு கட்சி சொல்ல வெச்சதும் அலையா? அது கூட்டு உழைப்பு, தனி ஆளுக்கு எதுக்குன்னாங்க. விருதோட பேருக்குரிய பிலிப்பைன்ஸ் அதிபர் மகசேசே கம்யூனிஸ்ட் எதிரின்னும் சொன்னாங்க. ரெண்டாவது காரணம் எனக்குப் புரியுது. முதல் காரணம்தான் தொண்டையில இறங்கல.

கணக்குவாத்தி:
டீச்சரே அந்த முடிவைக் கட்சியோட சேர்ந்துதான் எடுத்தேன்னாங்களே. அவங்களுக்கு இல்லாத கோபம் நமக்கு எதுக்குன்னு சில நேரம் தோணுது.

பாலக்காட்டுக்காற்று:
வாத்தியாரே, கட்சிக்குள்ள இருக்கிறவங்க வேற எப்படிச் சொல்வாங்க? மஞ்சப்பை, பிபிஇ விஷயத்துல எங்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதுக்காகத்தான் சேர்க்கலைன்னு 2021-ல கட்சி சொல்லலையே. சொல்லியிருந்தா நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.