செகண்ட் லைஃபில் வாராந்திர லைவ் மியூசிக்: கூட்டம் கூடினால் லேக் (இழுவை), பாதிப் பேருக்குப் பாட்டே கேட்பதில்லை

நிலாமுற்றம்:
செகண்ட் லைஃப் என்கிற ஆன்லைன் மெய்நிகர் உலகத்தில், மெயின்லேண்டில் (அங்கே இருக்கிற பொது நிலப்பரப்பு) 4096 சதுர மீட்டர் பார்சல் (நிலத்துண்டு), 64-க்கு 64 சதுரமாக இருக்கு. வெள்ளிக்கிழமை இந்திய நேரம் இரவு 9 மணிக்கு ஒரு மணி நேரம் லைவ் பாட்டு. பதினைந்து பேர் சேர்ந்ததும் நடக்கவே முடியலை, எல்லாம் இழுக்குது. சிலருக்குப் பாட்டு கேட்குது, சிலருக்குச் சுத்தமா இல்லை. ஹோஸ்ட் லோக்கல் சாட்டில் சொல்றது பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் போறதில்லை. ஈவென்ட்ஸ் பக்கத்தில் போட்டும் புது ஆள் யாரும் வரலை. தனி ரீஜன் (ஒரு முழு நிலப்பகுதி) வாடகைக்கு எடுக்கிற அளவுக்குப் பட்ஜெட் இல்லை. இருக்கிற இடத்திலேயே சரி பண்ண வழி இருக்கா?

வரப்பு:
முதலில் எந்த லேக் என்று பாருங்க. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+1 அழுத்தினா ஸ்டாடிஸ்டிக்ஸ் பார் வரும். அதில் சிம் எஃப்பிஎஸ் (சர்வர் வேகம்) 45, டைம் டைலேஷன் (நிஜ நேரத்தோட ஒப்பிட்டா சர்வர் நேரம் எவ்வளவு வேகமா ஓடுது) 1-ஐ ஒட்டி இருந்தா சர்வர் நல்லாத்தான் இருக்கு, திணறுறது உங்க கம்ப்யூட்டர். அப்போ ரீஜனைத் திட்டிப் பயனில்லை. ஷேடோவை அணைங்க, டிரா டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை திரையில் வரையணும்) 64 மீட்டருக்கு இறக்குங்க, அவதார் (அங்கே நம்ம உருவம்) காம்ப்ளெக்ஸிட்டி வரம்பைக் குறைங்க. தலைமுடியும் நகையுமா கனமா வர்ற அவதார் அதுக்கப்புறம் ஒற்றை நிறப் பொம்மையாத் தெரியும், அவ்வளவுதான்.

டைம் டைலேஷன் 0.7, 0.6 என்று இறங்கினாதான் சர்வர் பிரச்சினை. மெயின்லேண்டில் ஒரு ரீஜனுக்கு 40 அவதார்தான், அந்த நாற்பதும் உங்க பார்சலுக்கு இல்லை, 256-க்கு 256 மீட்டர் முழுக்கச் சேர்த்து. பக்கத்துக் கடையில் நிற்கிற ‘பாட்’ (bot, ஆள் இல்லாமல் தானா இயங்கும் அவதார்) கூட அதே கணக்கில் வரும், அதே ஸ்கிரிப்ட் நேரத்தைத் தின்னும். அதை நீங்க ஒண்ணும் செய்ய முடியாது. உங்க பக்கத்தில் முடிஞ்சது, அபவுட் லேண்டில் ஜெனரல் தாவலில் ஸ்கிரிப்ட் இன்ஃபோவைத் திறந்து, சும்மா ஓடிட்டிருக்கிற நீரூற்று, விசிட்டர் கவுண்டர், தானாத் திறக்கும் கதவு எல்லாத்தையும் நிகழ்ச்சி நேரத்துக்கு எடுத்து வைக்கிறது. வர்றவங்களிடமும் தேவையில்லாத ஹட்களை (திரையில் மாட்டிக்கிற பட்டன் பலகைகள்) கழற்றிட்டு வரச் சொல்லுங்க. ஒருத்தர் டெலிபோர்ட் ஆகி (வேற இடத்திலிருந்து சட்டுன்னு தாவி) இறங்கும்போது அவர் மாட்டியிருக்கிற ஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே மூச்சில் ஏறும். எல்லாரும் நொடிக்கொரு தடவை உறைஞ்சு நிற்கிறது பெரும்பாலும் அதனாலதான்.

சாட் விஷயம் எளிது. சாதாரணப் பேச்சு 20 மீட்டர் வரைக்கும்தான் போகும். 64 மீட்டர் பார்சலில் மேடையை ஒரு மூலையில் வெச்சா எதிர் மூலைக்கு எப்படிப் போகும்? ஷவுட் 100 மீட்டர் போகும், ஆனா அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவாங்க. மேடையை நடுவுக்குக் கொண்டு வந்து, இருக்கைகளைச் சுற்றிலும் 15 மீட்டருக்குள் போட்டுடுங்க.

சுருதிப்பெட்டி:
பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இசை ஓடுவது பார்சலின் ஸ்ட்ரீம் முகவரியில். வேலியைத் தாண்டி ஒரு அடி தள்ளி நின்றாலும் வேறு பார்சல், பாட்டு நின்றுவிடும். கேட்காதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். உள்ளே நின்றும் கேட்கவில்லை என்றால் வியூவரில் (செகண்ட் லைஃபைத் திறக்கும் மென்பொருள்) பிளே பட்டனை அழுத்தினார்களா, மியூசிக் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வருகிற பலர் அந்தப் பட்டனைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொன்று, வாடகை ஸ்ட்ரீம் சர்வரில் கேட்போர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பத்துப் பேருக்கான திட்டம் என்றால் பதினோராவது ஆளுக்கு வெறும் மௌனம், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ‘முதலில் வந்தவர்களுக்குக் கேட்கிறது, பிறகு வந்தவர்களுக்கு இல்லை’ என்ற புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

பாடகர் மாறும்போது முகவரியை மாற்ற ஸ்ட்ரீம் போர்டு வைத்திருக்கிறீர்களா? நிலம் குரூப் பெயரில் இருந்தால் அந்தப் போர்டையும் குரூப்புக்கு டீட் செய்ய (உரிமையை மாற்ற) வேண்டும். இல்லாவிட்டால் பட்டன் அமுங்கும், முகவரி மாறாது.

ஹோஸ்ட் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஸ்ட்ரீம் பல நொடி தாமதமாகவே கேட்பவரை அடையும். பாடகர் முடித்து அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்க்கும்போதுதான் சாட்டில் கைதட்டல் வரும். அவர் கடைசி வரியைப் பாடி நிறுத்திய உடனே ‘அடுத்து இன்னார்’ என்று அறிவித்து முகவரியை மாற்றிவிடாதீர்கள். பாட்டின் வால் அறுந்துபோகும்.

நிலாமுற்றம்:
போர்டு என் பெயரில்தான் இருக்கு, நிலம் குரூப் பெயரில். அதான் விஷயமா! டீட் பண்ணிடறேன். ஆள் வர்றதுக்கு என்ன வழி? தொந்தரவு பண்றவங்க வந்தா ஸ்கிரிப்டை மொத்தமா அணைச்சிடலாமா?

கடைத்தெரு:
ஆள் வராததுக்குக் காரணம் நேரம். எஸ்எல்டி, அதாவது செகண்ட் லைஃப் நேரம், என்பது அமெரிக்காவின் பசிபிக் நேரம். வெள்ளி இரவு 9 என்றால் கோடையில் அங்கே காலை 8:30, எல்லாரும் வேலைக்குக் கிளம்புற நேரம். ஐரோப்பாவில் மாலை 5:30, இன்னும் வீடு திரும்பலை. சனி அல்லது ஞாயிறு, எஸ்எல்டி காலை 10-க்கு மாத்துங்க. கோடையில் நமக்கு இரவு 10:30, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இரவு 11:30. ஐரோப்பாவில் கடிகாரம் மாத்துற தேதி வேற, அதனால் மார்ச்சில் ரெண்டு மூணு வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அங்கத்திய ஆட்கள் ஒரு மணி நேரம் தப்பா வருவாங்க. அறிவிப்பில் எஸ்எல்டி மட்டும் போடுங்க. செவ்வாய், புதன் பக்கம் போகாதீங்க, சர்வர் ரீஸ்டார்ட் வழக்கமா அந்த நாட்களில்தான்.

ஈவென்ட்ஸ் பக்கத்தை நம்பி உட்காராதீங்க, கூட்டம் குரூப் நோட்டீஸில்தான் வரும். குரூப் தொடங்க 100 லிண்டன் டாலர். 48 மணி நேரத்துக்குள் உங்களோட சேர்த்து ரெண்டு பேராவது இல்லைன்னா கலைஞ்சிடும். ஒரு நோட்டீஸோட ஒரே ஒரு இணைப்புதான் போகும், அது லேண்ட்மார்க்கா (அழுத்தினா இடத்துக்கே கூட்டிட்டுப் போறது) இருக்கட்டும். போஸ்டர் படத்தை இணைச்சு அனுப்பிட்டு ‘எங்கே வர்றது?’ என்று இருபது ஐஎம் (தனிச் செய்தி) வாங்கிக் கட்டிக்காதீங்க. முந்தின நாள் ஒண்ணு, தொடங்க பத்து நிமிஷம் இருக்கும்போது ஒண்ணு. அதுக்கு மேல அனுப்பினா ஆள் குரூப்பை விட்டே போயிடுவாங்க.

ஸ்கிரிப்டை அணைக்காதீங்க. வந்தவங்க மாட்டியிருக்கிற ஏஓ-வும் (நிற்கிற, நடக்கிற அசைவைத் தரும் ஸ்கிரிப்ட்) சேர்ந்து நின்னுடலாம், பலர் மரப்பொம்மை மாதிரி ஆயிடுவாங்க. அதுக்குப் பதிலா பில்டு (பொருள் வைக்கிறது), ஆப்ஜெக்ட் என்ட்ரி (வெளியிலிருந்து பொருள் உள்ளே வர்றது) ரெண்டையும் குரூப்புக்கு மட்டும்னு வெச்சு, ஆட்டோரிட்டர்னை (குரூப்பைச் சேராத பொருளைத் தானா உரியவருக்குத் திருப்புறது) 5 நிமிஷம் போடுங்க. பாடகரையும் குரூப்பில் சேர்த்து, மைக் ஸ்டாண்டை ரெஸ் பண்ணும்போது (எடுத்து வைக்கும்போது) உங்க குரூப் டேக்கைப் (பெயருக்கு மேல தெரியும் குரூப் அடையாளம்) போட்டிருக்காரான்னு பார்த்துக்குங்க. வேற டேக் என்றால் பில்டே ஆகாது. மைக்கை இந்த மாற்றத்துக்கு முன்னாடியே வேற குரூப் பெயரில் வெச்சிருந்தா அஞ்சாவது நிமிஷம், பாட்டு நடுவில், அது அவர் இன்வென்டரிக்கே (பொருள் வைக்கிற பை) திரும்பிப் போயிடும்.