மார்கழியில் இத்தாலி பேசில் விதைக்கலாமா? (ஓசூர், தளி பக்கம்)

ஓசூர் மாடித்தோட்டம்:
பாஸ்தாவுக்குப் போடுற பேசில் விதை வாங்கி வெச்சிருக்கேன். வீடு தளி ரோட்டுப் பக்கம். இப்பவே தொட்டியில போடலாமா, தை கழியட்டுமா? பக்கத்து வீட்டுத் துளசி ஜம்முனு நிக்குது, அதான் ஆசை.

தேன்கனிக்கோட்டை விவசாயி:
போடாதீங்க. அந்தத் துளசி வேர் பிடிச்ச பழைய செடி, உங்களுது விதை. மண்ணு இருபது டிகிரிக்கு மேல இருந்தாத்தான் அது ஒழுங்கா முளைக்கும். நம்ம பக்கம் மார்கழி விடியக்காலம் பன்னெண்டு, பதிமூணுக்கு இறங்குது. மண்ணு ஈரமும் சில்லுமா கெடந்தா விதை உள்ளயே அழுகிடும். தப்பி முளைச்சாலும் நாற்றழுகல் வந்து தண்டு மண் மட்டத்துல மெலிஞ்சு சாயும். மாசி பிறக்கட்டும்.

தர்மபுரி அக்கா:
இதுக்கு இவ்ளோ பயமா? எங்க வாசல்ல திருநீற்றுப்பச்சை வருஷம் முழுக்க நிக்குது. அதுவும் இதே இனம்தான், வாசனைதான் வேற. நாட்டு மருந்துக்கடை சப்ஜா விதையத் தூவினாக்கூட வருது.

தேன்கனிக்கோட்டை விவசாயி:
அக்கா, உங்க ஊரு கடல் மட்டத்துக்கு மேல 450 மீட்டர் சொச்சம், ஓசூர் 900 கிட்ட. உங்க மார்கழியும் எங்க மார்கழியும் ஒண்ணா?

பாலக்கோட்டுக்காரன் (இப்ப டொராண்டோ):
பன்னெண்டு டிகிரிக்கு இந்தப் பஞ்சாயத்தா! இங்க மே கடைசி வரைக்கும் பேசிலை வெளிய வைக்க முடியாது. ஏப்ரல்ல வீட்டுக்குள்ள விளக்கு போட்டு நாத்து விடுவோம். பனி உறையற முதல் ராத்திரிக்கு முன்னாடி மொத்தமா அறுத்து அரைச்சு ஃப்ரீசர்ல வெச்சிடணும், விட்டா காலையில செடி முழுக்கக் கருப்பு. பத்துக்குக் கீழ போனாத்தான் இலைக்குச் சேதம். ஃப்ரிட்ஜ்ல வெச்ச பேசில் கறுத்துப் போறதும் அதனாலதான். பன்னெண்டுல வளர்ச்சி நிக்கும், சாகாது. முளைக்கிற வரைக்கும் உள்ள வெச்சாப் போதும்.

தேன்கனிக்கோட்டை விவசாயி:
தம்பி, நீங்க ஹீட்டர் ஓடுற வீட்டுக் கணக்கு சொல்றீங்க. தளியில காலையில மூடுபனி விலகவே நேரமாகும், இலை நனைஞ்சே கெடக்கும். அடிச்சாம்பல் நோய்க்கு அதான் வேணும். நரம்புக்கு நடுவுல இலை மஞ்சளாகும், திருப்பிப் பார்த்தா சாம்பல் பொடி. பாதிப் பேர் அதை மண்ணுன்னு நெனச்சுத் துடைச்சு விட்டுடறாங்க. செடி போனப்புறம் உரம் பத்தலைன்னு பேச்சு.

பாலக்கோட்டுக்காரன் (இப்ப டொராண்டோ):
அந்த நோய் 2007ல ஃபுளோரிடாவுல தெரிய வந்து இந்தக் கண்டம் பூரா பரவினது. அது விதையோடயும் வரும். மார்கழி மேல மட்டும் பழி போடாதீங்க அண்ணா. சாயங்காலம் தண்ணி ஊத்தாம, செடிய நெருக்கி வைக்காம இருந்தாலே பாதி குறையும்.

தர்மபுரி அக்கா:
மாசியில போட்டா நல்லா வளர்ற நேரத்துக்குச் சித்திரை வந்துடும். சூட்டுல சீக்கிரம் பூ எடுக்கும், பூத்தா இலை சிறுத்துக் கசக்கும். அதையும் சொல்லுங்க.

தேன்கனிக்கோட்டை விவசாயி:
ஓசூர் சித்திரை உங்க ஊர் சித்திரை இல்லக்கா. கொழுந்தக் கிள்ளிக்கிட்டே இருந்தா பூ தள்ளிப் போகும், பக்கக் கிளையும் வெடிக்கும்.

ஓசூர் மாடித்தோட்டம்:
அண்ணா, சமையல்மேடை ஜன்னல் கிழக்கு பார்த்தது. அங்கயே வெச்சு முளைக்க விடறேனே?

தேன்கனிக்கோட்டை விவசாயி:
முளைக்கும். அப்புறம்? இதுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேணும். ஜன்னல்லயே விட்டா கொக்குக் காலாட்டம் நீண்டு ஒடியும்.

தர்மபுரி அக்கா:
பகல்ல மாடி, ராத்திரி வீடு. ரெண்டு தொட்டி தூக்க முடியாதவங்களுக்குத் தோட்டம் எதுக்கு?

தேன்கனிக்கோட்டை விவசாயி:
தூக்கட்டும். நான் மாசியிலதான் போடப் போறேன். சித்திரையில ரெண்டு செடியையும் படம் எடுத்து இங்கயே போடுவோம், பார்த்துடலாம்.