சீனியர் ஆகிவிட்டேன், "தெரியாது" என்று எப்படிச் சொல்வது?

நண்பர்களே, உங்கள் ஆலோசனை வேண்டும். 11 வருடமாக ஜாவாவில் பேக்எண்ட் (சர்வர் பக்க) புரோகிராமிங் வேலை. போன மாதம் சீனியர் ஆனேன். அன்றிலிருந்து ரியாக்ட் (வெப் பக்கங்களின் முகப்பை எழுத உதவுவது), டேட்டாபேஸ், குபர்னெட்டீஸ் (சர்வர்களில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிப்பது) என்று எதில் கோளாறு வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள்.

நேற்று குபர்னெட்டீஸில் ஒரு பாட் (புரோகிராம் ஓடும் சிறு அலகு) திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. நிற்கும்போது அது காட்டிய எக்ஸிட் கோட் 137. மெமரி லிமிட்டைத் தாண்டியதால் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அதை நிறுத்துகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு 4 மணி நேரம் ஆனது. குபர்னெட்டீஸ் எனக்குப் பழக்கமில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால், டீமில் இருக்கும் ஜூனியர் தம்பி சீக்கிரமே பார்த்துச் சொல்லியிருப்பார். நான் மறைத்ததுதான் மனதை உறுத்துகிறது.

மேனேஜரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? நீங்கள் என்ன வார்த்தைகளில் சொன்னீர்கள், அப்புறம் என்ன நடந்தது? தயவுசெய்து எழுதுங்கள்.