நியூசிலாந்தில் கேம்பர் வேன் (படுத்து, சமைத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி) ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெடுவழி:
மில்ஃபோர்டு சவுண்ட் போகிற வழியில், ஹோமர் சுரங்கத்துக்கு முன்னால் சிவப்பு சிக்னல். வேன் நின்றதுமே கூரையில் டக் டக்கென்று சத்தம். கியா! அந்த மலைக்கிளி முன்பக்கம் குதித்து இறங்கி, கண்ணாடி வழியாக என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் வைப்பர் ரப்பரின் நுனியைக் கவ்வி, வாழைநார் உரிப்பதுபோல் நிதானமாக இழுத்தது. ஹாரன் அடித்தோம். அசையவில்லை. வைப்பரைப் போட்டுவிட்டோம், அதுவும் வைப்பர் கூடவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது, ரப்பரை மட்டும் விடவில்லை! சுரங்கம் தாண்டினால் கொட்டுகிற மழை. ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் பெய்கிற ஊர் அது. அந்தக் கிளியின் பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பாலாற்றங்கரை:
ஒரு பிஸ்கட் போட்டிருந்தால் இறங்கிப் போயிருக்குமே.
என் கதை கேசட் கதை, அதாவது வேன் கழிப்பறையின் கழிவுப் பெட்டி. டம்ப் ஸ்டேஷனில், கழிவைக் கொட்டும் இடத்தில், அந்தப் பெட்டியைக் கவிழ்த்தால் 'குளுக் குளுக்' என்று குமட்டிக் குமட்டி வருகிறது, எந்த நொடியும் தெறிக்கும் போல. பின்னால் வரிசை. அடுத்து நின்ற உள்ளூர்த் தாத்தா ஒன்றும் பேசாமல் என் கட்டைவிரலைப் பிடித்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த காற்றுப் பொத்தானில் வைத்து அழுத்தினார். தண்ணீர்போல் இறங்கியது. வேன் கொடுத்தவர் டிவி போடுவதை அரைமணி நேரம் காட்டினார், இதைக் காட்டவில்லை. அந்த ஆள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

மலைப்பாதை:
பாலாற்றங்கரை சார், கியாவுக்கு பிஸ்கட் போடவே கூடாது. தீனி கிடைக்கும் என்று சாலையோரமே சுற்றி, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அருகிவரும் பறவை சார் அது. தயவுசெய்து யாருக்கும் இப்படிச் சொல்லாதீர்கள்.
எங்களை மில்ஃபோர்டில் சாண்ட்ஃபிளை, அந்தக் கடிக்கிற குட்டி ஈ, பிடுங்கியது. படம் எடுக்க நின்ற ஒரு நிமிடத்தில் என் தங்கையின் கணுக்கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான் கதை.
போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். உங்கள் பக்கத்து அம்பு சிறியதாக, சிவப்பாக இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழி விடுங்கள். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிய வெள்ளையாக இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. ஆனாலும் பாலம் காலியா என்று பார்த்தே ஏறுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி வழி கொடுங்கள், மலைப்பாதையில் கேம்பர் வேன் ஊர்ந்துதான் போகும். சாண்ட்ஃபிளைக்கு அடர்நிற உடை பிடிக்கும், வெளிர்நிறம் போடுங்கள். நடந்துகொண்டே இருந்தால் அவ்வளவாகக் கடிக்காது, நின்றால் மொய்க்கும். நன்றாக இருட்டிய பிறகு போய்விடும். அதனால் வெளியே சமைப்பதானால் இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.