புதுப்பிப்பு: தங்கை பொதுச் சுகாதாரப் பட்டயம்தான் படிக்கப் போகிறாள்

எம்.பி.பி.எஸ். முடித்த தங்கை எம்.டி. சமூக மருத்துவம் எடுக்கலாமா, பொதுச் சுகாதாரப் பட்டயம் (டிப்ளமோ) படிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பட்டயம் என்றே முடிவு. எம்.டி. மூன்று வருடம், முடித்தவர்களில் பலர் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகிறார்கள். அவளுக்குக் களவேலைதான் பிடிக்கும். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதால், பட்டயம் படித்தவர் சுகாதார அலுவலராகப் போக வழி இருக்கிறது.

"நோயாளியையே பார்க்காத டாக்டரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, ஒரே தெருவில் நாலு வீட்டில் வாந்திபேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் ஏற்ற ஆள் இருக்கிறார். குடிநீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, சாக்கடை எங்கே கலக்கிறது, குழாயடித் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று யார் தேடுவது? (இதை எம்.பி.பி.எஸ்.ஸில் எல்லாரும் படிக்கிறார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.)

சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் இரண்டு வருட முதுகலைப் படிப்பையும் சிலர் சொன்னீர்கள். நல்ல யோசனை, ஆனால் அது வேலையில் சேர்ந்த அப்புறம். இப்போது பட்டயத்தில் சேர நீட் முதுகலைத் தேர்வுக்குத் தயாராகிறாள். பழைய வினாத்தாள்கள் இருந்தால் அனுப்புங்கள்.